பாய்மரத்தில் காய்ந்த புடவை

யுவ வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலட்டை போய்விட்டது. ஐப்பசி மாதப் பக்கத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிவைத்தது மட்டும் இன்னும் அழியவில்லை: “வியாழன் தெற்கே சூலம். புதன் காலை அடையாறில் பரஸ்தானம். வியாழன் படகு.” அப்பா குறிப்பு எழுதினால் இப்படித்தான் எழுதுவார். யார், எதற்கு, பிறகு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் இருக்காது. யுவ வருஷம் 1935ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்தது. ஆகவே இது அந்த ஆண்டின் அக்டோபர் கடைசி. அந்த வருஷம் தீபாவளி சனிக்கிழமை வந்தது. எனக்கு ஒன்பது வயது.

பரஸ்தானம் என்றால் என்னவென்று இன்று பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு திசைக்கும் ஆகாத கிழமை ஒன்று உண்டு. தெற்கே போகிறவர்களுக்கு வியாழக்கிழமை ஆகாது. ஆனால் வியாழக்கிழமைதான் போயாக வேண்டும் என்று வந்துவிட்டால், அதற்கு முன்னால் ஒரு நல்ல வேளை பார்த்து, பயணத்துக்கான சாமான்களில் ஒரு சிறு மூட்டையைப் போகிற வழியில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை புறப்பட்டால் மனிதர் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு சௌகரியப்பட்ட நாளில் கிளம்பி, வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இது அன்றாட வழக்கம். மூட்டையில் பெரும்பாலும் ஒரு பழைய துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு இருக்கும். எங்கள் மூட்டையில் இருந்தது வேறு.

அந்த வருஷம் ஆனி மாதம் என் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. சித்தியின் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையை ஒட்டி. கல்யாணத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, கூறைப் புடவையைத் தவிர. எங்கள் பக்கத்தில் வாங்கிக்கொண்டு போன ஒன்பது கஜப் புடவை, சித்திக்குக் கட்டிவிடும்போது கொசுவத்துக்குப் பற்றாமல் நின்றுவிட்டது. அளந்து பார்த்தார்கள், நீளம் குறைவு. எந்தக் கடையில் வாங்கினார் என்று அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சித்தியின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி மாமி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள்: “பதினெட்டு முழத்துல ரெண்டு முழத்தை மயிலாப்பூர்லயே நறுக்கி வெச்சுண்டுட்டேளா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பை என் அத்தை மறக்கவில்லை. பதிலுக்கு அத்தையும் ஏதோ சொல்லியிருக்கிறாள். அது என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு பெண்மணிகளும் அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கல்யாணத்தை முடித்து வைத்தார்கள்.

சித்தி பிறந்த வீட்டிலேயே இருந்தாள். தை மாதம் அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. புரட்டாசியில் அப்பா அதை நினைவுபடுத்தி எழுதியதற்கு, “தலை தீபாவளி நல்லபடியாக ஆகட்டும், பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அந்தப் ‘பார்க்கலாம்’ எங்கள் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சித்தப்பா அதிகம் பேசாதவர். மனைவியோடு அதுவரை அவர் பேசியது நாலு வார்த்தை இருக்குமோ என்னவோ. அவர் ஒருநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் போய், தறிக்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து, தன் கண்ணெதிரே அளக்கச் சொல்லி ஒரு புடவை வாங்கிவந்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஆண்பிள்ளை தானே போய்ப் புடவை எடுப்பதாவது என்று தெருவில் பேசினார்கள். சித்தப்பாவுக்குக் காது சிவந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டு சித்தி தீபாவளியன்று நிற்க வேண்டும். முழம் குறையக் கூடாது. தையில் அவள் வர வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்தவள். அவள் கணவர் அத்திம்பேருக்கு ரங்கூனில் உத்தியோகம். ஆகையால் அத்தை எங்களோடு இருந்தாள். மடி, ஆசாரம் இவற்றில் எங்கள் தெருவுக்கு அவள் வார்த்தைதான் தீர்ப்பு. ஊறுகாய் ஜாடியை இன்னார் தொட்டுவிட்டார், ஆகுமா ஆகாதா என்று நாலு வீடு தள்ளியிருந்துகூட ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அவளும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து சொல்லிவிடுவாள். அவளைக் கடுமையானவள் என்று சிலர் எழுதிவிடக் கூடும். எனக்கு அவள் ஞாபகம் வரும்போதெல்லாம் சிரிப்புத்தான் வருகிறது. சட்டத்தை அவ்வளவு ஆசையோடு கட்டிக்காத்த இன்னொரு ஜீவனை நான் பார்த்ததில்லை. அம்மா அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், சீர் கொண்டுபோகிற பொறுப்பு முழுவதும் அத்தையுடையது. பஸ்ஸில் போனால் யார் மேல் யார் இடிப்பார்களோ என்று அவள்தான் படகு வேண்டுமென்றாள். தெற்கேயிருந்து விறகு ஏற்றிவந்து மயிலாப்பூரில் இறக்கிவிட்டு, தீபாவளிக்கு ஊர் திரும்பவிருந்த ஒரு படகை அப்பா பேசிமுடித்தார். அத்தை புதன்கிழமையே போய் அதைச் சாணி தெளித்து மெழுகவைத்தாள்.

“இன்னாம்மா இது, படகா சாமி ரூமா?” என்றார் படகுக்காரர். நரைத்த மீசை, தலையில் சிவப்புத் துண்டு.

“நாளைக்கும் நாளன்னிக்கும் ரெண்டும்தான்” என்றாள் அத்தை.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை காலை அப்பா வழக்கம்போல ஒரு பழைய அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து தீபாவளிப் புடவையை எடுத்தாள். “போற காரியம் எதுவோ அதுன்னா முன்னாடி போகணும்? துண்டுக்கா தலை தீபாவளி?” சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ சும்மா இருடா, மாப்பிள்ளை” என்று அடக்கிவிட்டாள். புடவை வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிற்று. அடையாறு ஆற்றின் தென்கரையில், கால்வாய் மறுபடி தொடங்குகிற இடத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில் அவர் குடியிருந்தார். அந்தப் பக்கம் அப்போது தோப்புகளும் வயல்களுந்தான். படகு அவர் வீட்டுத் துறையைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அப்பா, அத்தை, சித்தப்பா, நான் ஆகிய நால்வர், படகுக்காரர், அவருடைய இரண்டு ஆட்கள். நடுவில் கீற்றுக் கூரை. அதன் கீழ் பட்சண டின்கள், புளியோதரை, தயிர்சாதம், இரண்டு பெரிய கூஜாக்களில் குடிதண்ணீர். மயிலாப்பூருக்குள் பாலங்கள் தாழ்வாக இருந்ததால் பாய்மரத்தைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆட்கள் இருவரும் கரையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். இந்தக் கால்வாயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் பிற்காலத்தில் படித்திருக்கிறேன். எங்கே வெட்டினார்கள், எவ்வளவு உப்பு போயிற்று, எத்தனை விறகு வந்தது என்றெல்லாம் இருக்கும். அந்தத் தண்ணீருக்கு ஐப்பசிக் காலையில் என்ன நிறம் என்று யாரும் எழுதவில்லை. நீர்மோரின் நிறம். புதுமழை பெய்து மண் கரைந்து, அதன் மேல் தென்னங்கீற்றின் நிழல் வரிவரியாக ஆடிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறங்களில் தீபாவளிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். மந்தைவெளி தாண்டியதும் வீடுகள் குறைந்து, வலப்பக்கம் கோட்டூர்ப் பக்கத்து வயல்கள் திறந்தன. ஆற்றில் இறங்கும் முன், கால்வாய் நீரும் ஆற்று நீரும் மட்டம் சேரும்வரை படகை நிறுத்திவைக்கும் கதவில் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். படகுக்காரர்கள் அதை லாக்கு என்பார்கள். அது திறந்தபோது கடலின் வாசனை வந்தது.

தென்கரைத் துறையில் அப்பாவின் நண்பர் நின்றிருந்தார். ஈர வேஷ்டி, நெற்றியில் ஒன்றுமில்லை. படகு நெருங்க நெருங்க அவர் பின்னால் நகர்ந்தார்.

“கிட்ட வராதீங்கோ” என்று கையைக் காட்டினார். “ராத்திரி தந்தி வந்தது. திருச்சியில பங்காளி ஒருத்தர் தவறிட்டார். பத்து நாள் தீட்டு. உங்க மூட்டை உள்ளேதான் இருக்கு.”

அவரே மறுபடி சொன்னார்: “சொல்லாம எடுத்துக் குடுத்திருக்கலாம். நல்ல காரியத்துக்குப் போறேள், மனசு வரலை.”

இன்று படிக்கிறவர்களுக்கு இது ஒரு சங்கடமாகவே தோன்றாமலிருக்கலாம். அன்று எங்களுக்கு அது வீடு இடிந்த மாதிரி. சாவுத் தீட்டுள்ள வீட்டில் இருந்த புதுப்புடவையைத் தலை தீபாவளிச் சீராக எடுத்துப்போவதா? எடுக்காமல் போனால், முழம் குறைந்தது போய் இந்தத் தடவை புடவையே இல்லை என்றல்லவா சம்பந்தி மாமி சொல்வாள்? வேறு புடவை வாங்க நேரமில்லை. மயிலாப்பூருக்குத் திரும்பலாமென்றால், புறப்பட்ட பயணத்தைத் திருப்புவது அதைவிட ஆகாது. சித்தப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அக்கா, பட்டுக்குத் தீட்டு ஒட்டாதுன்னு சொல்லுவாளே. அப்படியே எடுத்துண்டு போயிடலாமே.”

“சொல்லுவா. நானும் சொல்லியிருக்கேன், ஊராருக்கு.”

“அப்புறம் என்ன?”

“நாளைக்கு அந்த மாமி ‘அப்படியேவா எடுத்துண்டு வந்தேள்’னு கேட்டா? பட்டுக்குத் தீட்டில்லைன்னு அவகிட்டப் போய்ப் பாடம் நடத்தச் சொல்றியா? முழுக்குப் போட்டுக் கொண்டுவந்தேன்னா, அப்புறம் பேச்சுக்கு இடமில்லை.”

“பட்டை நனைச்சா சுருங்கும் அக்கா” என்றார் சித்தப்பா. அன்று காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கும் விளங்கிற்று. சுருங்கினால் மறுபடி முழம் குறையும்.

படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். “இன்னா சாமி, நீங்க பாட்டுக்குப் பேசிக்கினு கீறீங்க. தண்ணி வடிஞ்சிக்கினு கீது. கொஞ்ச நேரம் போனா படகு சேத்துல குந்திக்கும், அப்பறம் தீவாளி இங்கியேதான்.”

அத்தை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நண்பரைப் பார்த்து, மூட்டையைக் கொண்டுவந்து கடைசிப் படியில் வைத்துவிட்டு விலகச் சொன்னாள். கட்டியிருந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி ஆற்றில் இறங்கினாள். அத்தை கோயில் குளத்தைத் தவிர வேறெந்த நீரிலும் இறங்கி நான் பார்த்ததில்லை. இடுப்பளவு தண்ணீர். மூட்டையை அவிழ்த்து, அந்த மஞ்சள் புடவையை இரண்டு கையாலும் ஏந்தி, ஆற்றில் அமுக்கினாள். மூன்று முறை. அப்புறம், அதைத் தொட்டுவிட்டதால், மூக்கைப் பிடித்துக்கொண்டு தானும் தலைமுழுகினாள்.

“அட, அம்மா முழுவிட்டாங்கடா!” என்று கரையிலிருந்த ஆள் கத்தினான்.

“பின்னே உன் மாதிரி வேடிக்கை பார்க்கவா வந்தேன்? கையைக் குடு. வேண்டாம், கழியைக் குடு!”

கழியைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே ஏறியபோது பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. நண்பர் தூரத்திலிருந்து கைகூப்பினார்.

ஆற்றின் அந்தப் பகுதியில் நீர் உப்பு. ஜரிகை கறுத்துவிடும் என்று சித்தப்பா பதறினார். நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். நல்ல தண்ணீர் என்று இருந்தது எங்கள் இரண்டு கூஜாக்களில்தான். அப்பா ஒரு முறை புளியோதரைத் தூக்கைப் பார்த்தார், ஒரு முறை கூஜாவைப் பார்த்தார், பிறகு தானே மூடியைத் திறந்து ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை புடவைக்குப் போயிற்று. அரக்குச் சாயம் முந்தானைப் பக்கம் ஓரிடத்தில் மஞ்சளின் மேல் பரவியிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. சித்தப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “முந்தானையை மடிச்சுப் போட்டா உள்ளே போயிடும்” என்றாள் அத்தை.

தென்பக்கத்துக் கால்வாயில் நுழைந்ததும் பாய்மரத்தை நிமிர்த்தினார்கள். வடகிழக்கிலிருந்து வாடை வீசிக்கொண்டிருந்தது. தெற்கே போகிற படகுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. சித்தப்பா புடவையின் ஒரு தலைப்பைப் பாய்மரத்தில் கட்டப் போனபோது படகுக்காரர் குறுக்கே வந்தார்.

“வேணாம் சாமி. இந்தத் தண்ணில அல்லாம் நமக்குத் தெரிஞ்சவன். பொம்பளப் பொடவையக் கட்டிக்கினு வரான்னு என் பேரு நாறிடும்.”

“இது பொம்பளைப் புடவை இல்லைப்பா, மாப்பிள்ளையோட மானம்” என்றார் அப்பா. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்ட மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

படகுக்காரர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “புதுசா கண்ணாலம் கட்டிக்கினியா நைனா? செரி, கட்டு. சிரிச்சா சிரிச்சிக்கினு போறானுங்கோ.”

சிரித்தார்கள். எதிரே உப்பும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு வந்த ஒவ்வொரு படகிலிருந்தும் சிரித்தார்கள். “இன்னா மாமா, பாயி பட்டுல கீது?” “தீவாளிக்குப் படகுக்கே பொடவ எடுத்துட்டியா? வூட்டுக்காரிக்கு இன்னா, கோணியா?” எங்கள் படகுக்காரர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் திருவான்மியூர் தாண்டுவதற்குள், “இது தலைதீவாளிப் பொடவைடா, ஒம்போது கெஜம், ஒனக்கு இன்னா தெரியும்!” என்று பதிலுக்குக் கூவ ஆரம்பித்துவிட்டார். பாய்மரத்திலிருந்து பின்பக்கத்துக் கழிவரைக்கும் அந்த மஞ்சள் நீண்டு, நடுவில் காற்றில் உப்பி, படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. முந்தானையைச் சித்தப்பா விடாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் அத்தையின் ஈரப்புடவை. இரண்டு புடவைக்கும் நடுவில், உலர்ந்த மடிப்புடவை மாற்றிக்கொண்டு, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, ஒரு மகாராணியைப் போல் அத்தை உட்கார்ந்திருந்தாள். இருபுறமும் சவுக்கு, தாழை, தூரத்தில் மணல்மேடு, அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாமல் இரைகிற கடல். நான் அப்போது பயந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு நினைவிருப்பது சந்தோஷந்தான்.

மத்தியானம் புளியோதரையைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்குத் தவித்தோம். படகுக்காரர் தன் மண்பானையைக் காட்டி, “பாப்பா, எங்க தண்ணி குடிக்கிறியா?” என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை அக்கரையில் எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொள்ளும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் ஒரு கொக்குகூட இல்லை. பெரியவர்களுக்குக் கோவளம் போய்த்தான் இளநீர் கிடைத்தது.

மழை வராது என்று படகுக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். “நான் பொறந்ததே தண்ணில. மேகத்தப் பாத்தா எனுக்குத் தெரியாதா?” கோவளத்துக்குத் தெற்கே, தண்ணீர் அகன்று ஏரிபோல் ஆகிற இடத்தில், வானம் ஒரே நொடியில் இருண்டு கொட்டிற்று. ஐந்து பேர் சேர்ந்து அந்தப் புடவையை இறக்கினோம்; நான் ஒரு முனையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு கூரைக்கடியில் உருண்டேன். “தண்ணியில பொறந்தவரே, நன்னா சொன்னேள்!” என்று அத்தை மழைச் சத்தத்துக்கு மேல் கூவினாள். “இது மழ இல்லம்மா, தூறல்!” என்று அவரும் விடாமல் கூவினார். இரவு ஒரு சத்திரத் துறையில் தங்கினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல வெயில். புடவை மறுபடி பாய்மரத்துக்கு ஏறிற்று. முற்றிலும் காய்ந்த பிறகுதான் அளப்பதென்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். அதை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு அவர் தன் முழங்கையால் அளக்க ஆரம்பித்தபோது அப்பா எழுந்து படகின் மறுகோடிக்குப் போய்விட்டார்; பார்க்கத் தாங்கவில்லை போலிருக்கிறது. சித்தப்பாவின் கணக்கில் அரை முழம் குறைந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

“உன் கை நீளம்டா, ஒட்டகமே. பெண்பிள்ளை கட்டற புடவையைப் பெண்பிள்ளை கையாலன்னா அளக்கணும்?” என்று அத்தை பிடுங்கிக்கொண்டு தன் கையால் அளந்தாள். அவள் கணக்கில் கொஞ்சம் கூடவே வந்தது. சம்பந்தி மாமியின் கை யாருடையதைப் போல என்று அவர்கள் வெகுநேரம் விவாதித்தார்கள். கல்யாணத்தில் அவள் வளையல் அணிந்த கையை ஆட்டி ஆட்டிப் பேசியதை நினைவுகூர்ந்து, அது குட்டைக் கைதான் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். புடவை மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று.

சித்தியின் ஊர்த் துறையை அடைந்தபோது விளக்கு வைத்தாயிற்று. சம்பந்தி மாமா அரிக்கேன் விளக்கோடு வந்து அழைத்துப்போனார். வாசற்படியில் சம்பந்தி மாமி ஆரத்தித் தட்டோடு நின்றாள். வழியிலேயே அப்பா அத்தையிடம், நடந்ததைச் சொல்ல வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஆரத்தி ஆனதும் அத்தை படியேறாமல் நின்றாள். பெட்டியைத் திறந்து, தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு புடவையை வைத்து நீட்டி, அடையாறில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: பரஸ்தானத்தில் அதை வைத்தது தான்தான் என்பதையும், தீட்டையும், முழுக்கையும், கறையையும். “இது கோடி இல்லை, நனைஞ்ச புடவை. உங்க மனசுக்கு இடறித்துன்னா சொல்லிடுங்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். குழந்தைகள் மேல மட்டும் காட்டாதீங்கோ” என்று முடித்தாள். குரல் பாதியிலேயே கரகரத்துவிட்டது.

சித்தப்பா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். திறந்திருந்த பெட்டியைக் குனிந்து மூடினார்.

சம்பந்தி மாமி தட்டை வாங்கவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தலையோடவா முழுகினேள்?” என்றாள். “ஆத்துலயா? ஐப்பசி மாசத்துலயா?”

“ஆமாம்.”

“அதான் குரல் இப்படிக் கட்டியிருக்கு. இந்தப் பனியில வாசல்ல நின்னுண்டு என்ன பேச்சு! உள்ளே வாங்கோ முதல்ல.” பிறகு திரும்பி, “அடியே, வெந்நீர் போடச் சொல்லு, சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வை” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அதற்கப்புறந்தான் தட்டைக் கையில் வாங்கினாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “கனமா இருக்கே. ஆத்துத் தண்ணி குடிச்சு ரெண்டு முழம் வளர்ந்துடுத்தா?” என்றாள். ஆனியில் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை அத்தையும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சித்தி அந்தப் புடவையில் வந்து நின்றாள். கொசுவம் தாராளமாக விழுந்தது. அத்தை மட்டும் என் காதில், “முந்தானையை மடிச்சுப் போடச் சொன்னேனே, விரிச்சுன்னா போட்டுண்டிருக்கா” என்று முணுமுணுத்தாள். கறை தோளில் பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். சித்தி அவர் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தை மாதம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தைக்கும் சம்பந்தி மாமிக்கும் அதன் பிறகு கஷாயப் பக்குவம் பற்றி எத்தனையோ கடிதங்கள் போய்வந்தன. அம்மாவுக்குக் கைக்குழந்தையைப் பார்க்கவே சரியாக இருந்ததால், சித்திதான் மயிலாப்பூரில் என்னை வளர்த்தாள் என்றே சொல்லலாம். இன்று அந்தக் கால்வாயின் மேல் தூண்கள் எழும்பி ரயில் ஓடுகிறது. கீழே ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. திருவான்மியூர்ப் பக்கம் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

அத்தையும் அப்பாவும் காலமான பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் சித்தியிடம் அந்தக் கறையைப் பற்றிக் கேட்டேன். “வேணும்னுதான் விரிச்சுப் போட்டுண்டேன்” என்றாள். “அத்தை வாசல்ல சொன்னதைக் கேட்டுட்டா?” என்றேன். “அதுக்கு முன்னாடியே தெரியுமே எனக்கு. அன்னிக்கு மத்தியானம் தம்பியைத் தேடிண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். வடக்கே ரொம்ப தூரத்துல மஞ்சளா ஒண்ணு ஆகாசத்துல அடிச்சுண்டு வரது. பின்னாடி ஒருத்தர் அதோட நுனியைப் பிடிச்சுண்டு நிக்கறார். இவர்தான்னு தெரிஞ்சுடுத்து. யார்கிட்டயும் சொல்லலை.”

என் நினைவில், புடவையை அளந்து மடித்தது மகாபலிபுரம் வருவதற்கு முன்பு. அங்கிருந்து சித்தியின் ஊர் பல மைல். அவள் சொல்வது உண்மையானால், சதுரங்கப்பட்டினத்தை நெருங்கும்வரை புடவை பாய்மரத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியும் மத்தியானம் பார்த்தேன் என்பது நாங்கள் விளக்கு வைத்து வந்து சேர்ந்ததோடு ஒட்டவில்லை. சித்தப்பாவிடம் கேட்டேன். “அவ பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான்” என்றாரே தவிர, எங்கே மடித்தோம் என்று சொல்லவில்லை. படகுக்காரரின் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா என்று சதுரங்கப்பட்டினத்தில் விசாரித்துப் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. ஆகவே சித்தி அன்று அந்தப் புடவையைக் கண்ணால் பார்த்தாளா என்பது இன்றுவரை உறுதிப்படாத செய்தி.